ஒத்திகைப் பிணம்

எங்கள் அப்பா வருடத்துக்கு ஒரு முறை செத்துப்போவார்.

மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஆற்றோரத் திடலில், ஊரே பார்க்கச் செத்துப்போவார். வெள்ள ஒத்திகை. மாவட்டப் பேரிடர் அலுவலகத்தின் மொட்டைமாடியில் சங்கு ஊதியதும் கீழ்த்தெருக்காரர்கள் எல்லோரும் திடலுக்கு வந்துவிட வேண்டும். அங்கே சுண்ணாம்பில் வட்டம் போட்டிருப்பார்கள். அவரவர் வட்டத்தில் அவரவர் விழ வேண்டும். கழுத்தில் அட்டை மாட்டுவார்கள். சிவப்பு என்றால் உயிருக்கு ஆபத்து, முதலில் தூக்க வேண்டும். மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். பச்சை என்றால் தானே நடந்து போகிற காயம். கறுப்பு என்றால் ஆள் முடிந்தது, கடைசியில் தூக்கினால் போதும். அப்பாவுக்கு எப்போதும் கறுப்பு.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே சாவார். ஆற்றோரத்தில் மரம் அறுக்கும் மில்லில் வேலை. வருடம் முழுக்கத் தூள் குடித்து இருமிக்கொண்டே இருக்கிற மனிதர், திடலில் படுத்துவிட்டால் ஒரு செருமல் கூட வராது. மூக்கில் ஈ உட்கார்ந்து முகம் கழுவிவிட்டுப் போகும், அசைய மாட்டார். ஒரு வருடம் பத்திரிகையில் படம் வந்தது, "சடலத்தை அகற்றும் மீட்புக் குழுவினர்" என்று. அம்மா அதை வெட்டி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தாள். அன்றிலிருந்து தெருவில் அவர் பெயர் "செத்தவர்".

"செத்தவர் இருக்காரா?" என்று வாசலில் வந்து கேட்பார்கள்.

"இருக்காரு, குளிக்கிறாரு" என்பாள் அம்மா.

அப்பாவின் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, சிவப்பு. வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு கர்ப்பிணியாகக் கத்த வேண்டும். பேரப்பிள்ளை எடுத்த பிறகும் அவளைத்தான் கூப்பிட்டார்கள், தொண்டை அப்படி. "எத்தனை வருஷமா சுமக்கறேன், இந்த ஆபீஸ்காரனுங்க ஒரு தடவையாவது பெத்துக்க விட்டானுங்களா?" என்பாள். சின்னப் பிள்ளையில் எனக்குப் பச்சை. எல்லாம் முடிந்ததும் அப்பாவின் தோளைத் தட்டி "முடிஞ்சுதுப்பா, எழுந்திரிங்க" என்று சொல்வது என் வேலை. கண்ணைத் திறந்ததும் முதலில் கேட்பார்: "எப்படி இருந்துச்சு?"

ஏன் எப்போதும் கீழ்த்தெரு என்று அந்த வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மேட்டுக் குடியிருப்பிலிருந்து அதிகாரிகளின் குடும்பங்கள் வந்து நாற்காலி போட்டுப் பார்க்கும். அவர்கள் மண்ணில் படுக்க மாட்டார்கள். நாங்கள் படுப்போம். அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் தெருவில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். நில அளவையும் நீரோட்டமும் படித்துவிட்டு, அதே பேரிடர் அலுவலகத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன். என் மேஜை ஜன்னலோரம். தலைக்கு மேலே கூரை, கூரைக்கு மேலே சங்கு. எங்கள் அதிகாரிக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் "ரெடி சார்". எதைக் கேட்டாலும் "எல்லாம் ரெடி" என்பார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடுவது சுலபமாக இருந்திருக்கும்.

எனக்குக் கொடுத்த வேலை அபாய மதிப்பீடு. ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு மதிப்பெண் போட வேண்டும். வெள்ளம் வர எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு ஒன்று, வந்தால் எவ்வளவு சேதம் என்பதற்கு ஒன்று. இரண்டையும் பெருக்கினால் அந்த இடத்தின் நிறம் வரும். நிஜ வெள்ளத்தில் லாரிகள் அந்த நிற வரிசையில்தான் போகும். சிவப்புக்கு முதலில், மஞ்சளுக்கு மிச்சம் இருந்தால்.

படிக்கும்போது இது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. கீழ்த்தெருவுக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. வாய்ப்புக்கு முழு மதிப்பெண். சேதத்துக்கு? தகரக் கூரை, ஒரு கட்டில், ஒரு அடுப்பு. போனால் என்ன பெரிதாகப் போய்விடும்! குறைந்தபட்ச மதிப்பெண். பெருக்கினால் எங்கள் தெரு மஞ்சள். மேட்டுக் குடியிருப்பில் கார்கள், ஜெனரேட்டர், மாடிக் கட்டடங்கள். மண்சரிவு வரலாம் என்று வாய்ப்பிலும் கொஞ்சம் ஏற்றியிருந்தார்கள். அது சிவப்பு.

ஆள்களைக் கணக்கில் எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்திருந்தார்கள். "குடியிருப்போரின் தயார்நிலை" என்று ஒரு கட்டம் இருந்தது. வருடம் தவறாமல் ஒத்திகையில் கலந்துகொள்வதால் கீழ்த்தெரு முழுமையாகத் தயார் என்று போட்டு, அதற்காகவும் சேதத்தில் குறைத்திருந்தார்கள். அப்பா அத்தனை வருடம் செத்ததன் பலன் அந்தக் கட்டத்தில் இருந்தது.

வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ரெடி சார் அறைக்குப் போனேன். ஜீப் டிரைவர் அண்ணன் அங்கே சாவிக்காக நின்றுகொண்டிருந்தார்.

"சார், சங்கு ஊதினா எங்க தெரு எங்க போகும்?"

"திடலுக்கு. அதுதானேம்மா இத்தனை வருஷமா பழக்கியிருக்கோம்?"

"திடல்லதான் சார் தண்ணி முதல்ல ஏறும். தெருவை விடத் தாழ்வு அது. லாரியும் அங்க வராது, எங்க தெரு மஞ்சள்."

"நிஜத்துல அங்க யாரும்மா போகப் போறாங்க? ஒத்திகை வேற, நிஜம் வேறன்னு ஜனங்களுக்குத் தெரியாதா?"

"எப்படி சார் தெரியும்? வேற எங்க போகணும்னு நாம என்னைக்காவது சொல்லியிருக்கோமா?"

"சொல்லணுமா? அறிவு இருக்காதா?"

"அறிவு இருந்தாப் போதும்னா நமக்கு எதுக்கு சார் சங்கு?"

டிரைவர் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார். சிரிப்பை அப்படித்தான் இருமுவார்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மழைக்கு முன்னால் இன்னோர் ஒத்திகை. அதில் எங்கள் தெரு யாருக்காகவும் விழ வேண்டாம், மேலே ஏற வேண்டும். திடலுக்குப் பின்னாலிருந்து சரிவில் ஒரு தடம் போகிறது. அது மேட்டுக் குடியிருப்பின் பின்கேட்டில் முடியும். கேட்டுக்குள் நுழைந்து குடியிருப்பைக் கடந்தால் தண்ணீர்த் தொட்டி மேடு. எத்தனை பெரிய வெள்ளமும் அங்கே வராது.

"பின்கேட்டா?" ரெடி சார் நெற்றியைத் தேய்த்தார். "அது குடும்பங்க இருக்கற இடம்மா. ஒரு தெருவே திமுதிமுன்னு உள்ள வந்தா..."

"எங்க தெருவுல இருக்கறது என்ன சார், கோழிப்பண்ணையா?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். "உன் ஆதங்கம் புரியுது. படிச்ச பொண்ணு, நல்லா யோசிக்கறே. அறிக்கையில ஒரு வரி சேர்த்துடலாம்" என்றார். சேர்த்தும் விட்டார். "மாற்று வழிகள் பரிசீலனையில் உள்ளன." எல்லாம் ரெடி.

ஆபீஸில் எடுபடாததை வீட்டில் எடுபட வைக்கலாம் என்று நினைத்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, நாளைக்கு நிஜமாவே வெள்ளம் வருது. சங்கு ஊதுது. என்ன செய்வீங்க?"

"சாப்பிடற நேரத்துல கேக்கற கேள்வியா இது?"

"சொல்லுங்க."

"திடலுக்குப் போவோம்."

"அப்புறம்?"

"வண்டி வரும்."

"வராதுப்பா. அந்த வண்டி ஒத்திகைக்கு மட்டும்தான் வரும்."

"வருஷா வருஷம் வருதே, இப்ப மட்டும் ஏன் வராது?"

"அவ அங்கயே வேலை பாக்கறா, அவளுக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா.

"இவ நேத்து சேர்ந்தவ. நான் எத்தனை வருஷமாச் செத்துக்கிட்டிருக்கேன்!" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அவங்க உங்களைப் படுக்கச் சொல்லத்தாம்ப்பா கூப்பிடறாங்க. ஒரு நாளாவது எழுந்து நில்லுன்னு கூப்பிட்டிருக்காங்களா? கறுப்பு அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு என்னமோ மெடல் மாதிரி..."

அவர் தட்டைத் தள்ளவில்லை, கத்தவுமில்லை. கையிலிருந்ததை வாயில் போட்டு, மென்று, விழுங்கிவிட்டுச் சொன்னார்: "மில்லுல எனக்கு ஒரு பேரும் இல்ல பாப்பா. 'டேய்'தான். எனக்குன்னு ஊருல கெடைச்ச ஒரே பேர் அது."

மேட்டுக் குடியிருப்பின் பின்கேட் வழியை மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்; அவர் தலையாட்டவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "வா, உன் கேட்டைக் காட்டு" என்று அவரே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அத்தையும் வந்தாள். தெருவில் வேறு சிலரையும் கூப்பிட்டோம். "ஏன், செத்தவர் பொண்ணு எங்களை மேல்லோகத்துக்குக் கூட்டிப் போகுதா?" என்று கேட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டார்கள்.

பின்கேட் இரும்புத் தகடு. மேலே ஈட்டி முனைகள். இரண்டு பக்கமும் ஆளுயரத்தைத் தாண்டிய சுவர், சுவரின் தலை நெடுக உடைந்த கண்ணாடி. தட்டியதும் வாட்ச்மேன் சின்னத் துவாரத்தைத் திறந்தார்.

"யாரைப் பாக்கணும்?"

"யாரையும் பாக்க வேணாம். வெள்ளம் வந்தா இந்தக் கேட்டைத் திறப்பீங்களா?"

"சாவி செகரட்டரி வீட்டுல இருக்கும்மா." அதற்குள் அவர் கண் அப்பா மேல் விழுந்துவிட்டது. "ஏங்க, நீங்க செத்தவர் இல்ல? போன வருஷம் பாத்தேன். அடேயப்பா! என் சம்சாரம் நிஜப் பொணம்னே நெனச்சுட்டா!"

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். இரண்டு பேரும் துவாரத்தின் வழியாகவே பீடி மாற்றிக்கொண்டார்கள். சாவிப் பேச்சு அதோடு போயிற்று. திரும்பும்போது அப்பா, "பாத்தியா, மேல கூட என்னைத் தெரியுது" என்றார். பிறகு நின்று, சுவரை ஏற இறங்கப் பார்த்தார். மரக்கட்டையைப் பார்த்தே எத்தனை பலகை தேறும் என்று சொல்கிற கண். "ஒருத்தன் குனிஞ்சு தோள் குடுத்தா ஏறிடலாம். கண்ணாடிதான் கையைக் கிழிக்கும்" என்றார்.

மழை வந்தது. வந்தது விடவில்லை. மேல் ஏரி தளும்பிக்கொண்டிருக்கிறது என்று காலையிலேயே போன். மதியம் இன்னொரு போன், கரையில் விரிசல், தண்ணீர் பிய்த்துக்கொண்டு வருகிறது என்று.

ரெடி சார் சங்கின் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றார்.

"சார், ஊதறதுக்கு முன்னால மைக் வண்டியைக் கீழ்த்தெருவுக்கு அனுப்புங்க. திடலுக்குப் போகாதீங்க, மேல ஏறுங்கன்னு சொல்லட்டும். அந்தப் பின்கேட்டைத் திறக்கச் சொல்லி ஒரு போன் போடுங்க."

"மைக் வண்டி குடியிருப்புக்குப் போயிடுச்சும்மா. லாரிங்க ஆஸ்பத்திரிக்கும் அங்கயும் போகுது. திட்டப்படிதான் நடக்குது. இப்பப் போய் மாத்தினா குழப்பமாயிடும்."

பொத்தானை அழுத்தினார்.

சங்கை ஊதியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஊதித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தச் சத்தம் எங்கள் தெருவின் காதில் என்னவாக விழும் என்று அந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். படிக்கட்டில் இறங்கி ஓடினேன். வாசலில் ஜீப் உறுமிக்கொண்டிருந்தது.

"ஏறு தங்கச்சி" என்றார் டிரைவர் அண்ணன். "சார் வீட்டுப் பொட்டியெல்லாம் ஏத்தணும்னு உத்தரவு. பொட்டி எங்க போயிடப் போகுது."

திடலுக்கு வந்து சேர்ந்தோம். எல்லோரும் இருந்தார்கள். சுண்ணாம்பு வட்டங்கள் எப்போதோ மழையில் கரைந்துவிட்டன. ஆனால் எங்கள் ஜனங்களுக்கு வட்டம் எதற்கு? அவரவர் இடத்தில் அவரவர் நின்றுகொண்டிருந்தார்கள், கணுக்கால் தண்ணீரில், தலையில் பாத்திரத்தையும் பாயையும் கவிழ்த்துக்கொண்டு. அத்தை தலையணையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள்.

"அத்தை, இது எதுக்கு?"

"சங்கு ஊதுச்சே! கை தானா எடுத்துடுச்சுடி."

அப்பா நடுவில் நின்று ஆள்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். "சிவப்பெல்லாம் முன்னால வாங்க. தள்ளாதீங்க, வண்டி வந்ததும் ஏறிடலாம்." ஜீப்பைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "நான் சொன்னேன்ல! வண்டி வந்துடுச்சு! வந்துடுச்சு!" திடல் முழுக்க ஒரு ஆரவாரம். சின்னப் பிள்ளைகள் கை தட்டின.

நான் இறங்கினேன்.

"ஒண்ணுதானா? பின்னால வருதா?"

"வராதுப்பா. எதுவும் வராது."

ஜீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். நான் எதிர்பார்த்த கேள்வி எதையும் கேட்கவில்லை. திரும்பி, மில்லில் கட்டை உருளும்போது கத்துகிற குரலில் கத்தினார்: "எல்லாரும் கேட்டுக்கு! சட்டியும் வேணாம் பெட்டியும் வேணாம், நடங்க!"

என் பேச்சைக் கேட்காத தெரு செத்தவர் பேச்சைக் கேட்டது. நடக்க முடியாதவர்களை ஜீப்பில் அடைத்துக்கொண்டு டிரைவர் அண்ணன் மேல்ரோட்டில் ஆஸ்பத்திரிக்குப் போனார். மற்றவர்கள் சரிவில் ஏறினோம்.

கேட் பூட்டியிருந்தது. தட்டினோம், உதைத்தோம், கல்லால் அடித்தோம். உள்ளே யாருமில்லை. வாட்ச்மேனையும் சேர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. மேட்டிலிருந்து, வெள்ளம் கடைசியாக வந்து சேரும் இடத்திலிருந்து, காலி செய்துகொண்டு போயிருந்தார்கள். சிவப்பு அல்லவா.

பின்னால் திடலைக் காணவில்லை. பழுப்புத் தண்ணீர்தான் தெரிந்தது. சரிவில் அது எங்களைத் தொடர்ந்து ஏறிவந்தது.

அப்பா சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தார். "அந்தத் தலையணையைக் குடு." மில் பையன்களில் ஒருவன் அவர் முதுகில் ஏறி, கண்ணாடி மேல் தலையணையைப் போட்டு அழுத்தி, சுவரின் மேல் கால் போட்டு உட்கார்ந்தான். அடுத்து என்னை ஏற்றினார். நாங்கள் இரண்டு பேரும் மேலிருந்து இழுக்க, ஒவ்வொருவராக அப்பாவின் தோளில் மிதித்து ஏறினார்கள். பிள்ளைகள், பிள்ளைகளின் அம்மாக்கள், என் அம்மா. தலையணையில் குத்திக்கொண்டு கண்ணாடி நின்றது, கை கிழியவில்லை.

அத்தை ஏறும்போது, "அண்ணே, அசையாதே!" என்று அலறினாள்.

"அசைஞ்சா அப்புறம் என் பேர் என்ன ஆகறது?" என்றார் அப்பா, தலையைத் தூக்காமல். அந்த நேரத்திலும் சுவரின் இரண்டு பக்கமும் சிரித்தார்கள்.

தண்ணீர் அவர் முழங்காலுக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு. கீழே இன்னும் சில ஆண்கள்தான் நின்றார்கள்.

"அப்பா, போதும். நீங்க ஏறுங்க. அவங்க யாராவது குனியட்டும்."

"கறுப்பு கடைசிலதான் பாப்பா." நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆபீஸ்ல வேலை பாக்கறே, ரூல் தெரியாதா உனக்கு?"

கடைசி ஆளும் ஏறிவிட்டான். அப்பாவுக்குத் தோள் கொடுக்க ஆளில்லை. நான் துப்பட்டாவைச் சுவரோடு தொங்கவிட்டேன், பையன் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அப்பா எட்டிப் பிடித்தார். பிடித்தது என் கைக்குத் தெரிந்தது, அவ்வளவு கனம். காலைச் சுவரில் ஊன்றினார். அப்போது மில் கட்டைகள் வந்தன. முற்றத்தில் அடுக்கி வைத்திருந்தவை, அவரே உருட்டி அடுக்கியவை, தண்ணீரோடு மேலேறி ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒன்று சுவரில் மோதியது. சுவர் அதிர்ந்தது. துப்பட்டா லேசாகிவிட்டது.

அவ்வளவுதான். அதைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுத வராது.

தண்ணீர் வடிந்த பிறகு பாலத்துக்கு அந்தப் பக்கம் புதரில் கிடைத்தார். மீட்புக் குழுவில் ஒருவன் முறைப்படி கறுப்பு அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தான். வருடா வருடம் திடலில் அவரைத் தூக்கியவன்தான். அடையாளம் தெரிந்துதான் மாட்டினான், அழுதுகொண்டே மாட்டினான். அம்மா போய் உட்கார்ந்து அப்பாவின் தோளைத் தட்டினாள். லேசாக, இரண்டு தடவை. பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

ரெடி சார் பத்திரிகைக்காரர்களிடம் பேசியதை டிரைவர் அண்ணன் போனில் காட்டினார். "சங்கு ஒலித்த உடனேயே கீழ்த்தெரு மக்கள் ஒருவர் விடாமல் திடலில் கூடிவிட்டனர். இது எங்கள் தொடர் ஒத்திகைகளுக்குக் கிடைத்த வெற்றி. உயிர்ச்சேதம் ஒன்றே ஒன்று."

வீட்டுக்கும் வந்தார். அம்மாவின் முன்னால் கைகட்டி நின்றார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. "கடைசி வரைக்கும் எங்களுக்கு ஒத்துழைப்புக் குடுத்தவரும்மா அவர். அடுத்த ஒத்திகையை அவர் நினைவா நடத்தறோம்" என்றார். பிறகு என்னிடம், அறிக்கை ரெடியாகிவிட்டதாகவும் மதிப்பீட்டாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார். வாங்கிப் படித்தேன். தயார்நிலைக் கட்டத்தில் எங்கள் தெருவுக்கு இன்னும் ஒரு மதிப்பெண் கூட்டியிருந்தார்கள்.

"என்ன சார், இன்னும் ரெண்டு பேர் செத்தா நாங்க பச்சையாயிடுவோமா?"

"ஏம்மா இப்படிப் பேசறே..."

"வேற எப்படிப் பேசணும்னு சொல்லுங்க, ஒத்திகை பாத்துக்கறேன்."

கையெழுத்துப் போடவில்லை. என் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. இப்போது பக்கத்து ஊரில் ஒரு நில அளவை ஆபீஸில் வேலை செய்கிறேன். அலமாரிக் கதவின் உள்பக்கப் படத்தை அம்மா கிழிக்கவில்லை. கிழிக்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

அடுத்த மழைக்கு முன்னால் ஜீப் வந்தது. ஒத்திகை இன்ன தேதி, எல்லோரும் திடலுக்கு வந்து ஒத்துழைக்க வேண்டும் என்று மைக்கில் சொல்லிக்கொண்டு தெருவை ஒரு சுற்று சுற்றியது. யாரும் மறுக்கவில்லை. "வந்துடறோம், வந்துடறோம்" என்று வாசலில் நின்று தலையாட்டினார்கள். அப்படி மனதாரத் தலையாட்ட எங்கள் ஜனங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

சங்கு ஊதியது. தெருவே புறப்பட்டது. திடலைத் தாண்டி, சரிவில் ஏறி, கேட்டுக்குப் போனது. வெள்ளத்துக்குப் பிறகு அதில் பெரிய பூட்டாகப் போட்டிருந்தார்கள். மில்காரர்கள் வாளோடுதான் வந்திருந்தார்கள். இரும்பறுக்கிற வாள். பூட்டு விழ ரொம்ப நேரம் ஆகவில்லை. வாட்ச்மேன் ஓடி வந்தார், கூட்டத்தைப் பார்த்தார், என் அம்மாவைப் பார்த்தார், ஒதுங்கிக்கொண்டார். பூந்தொட்டிகள், காயப்போட்ட துணிகள், காருக்கு உறை போட்டிருந்த முற்றங்கள் வழியாக நடந்தோம். ஜன்னல் திரைகள் விலகின. யாரோ, "யாரு நீங்கல்லாம்?" என்று கேட்டார்கள். "மஞ்சள்" என்றாள் அத்தை.

தொட்டி மேட்டில் உட்கார்ந்தோம். ஆபீஸ், ஆறு, திடல், எல்லாம் கீழே தெரிந்தன. புதுச் சுண்ணாம்பில் வட்டங்கள் போட்டிருந்தார்கள். ஸ்ட்ரெச்சர்களோடு மீட்புக் குழு நின்றது. லாரிகள் நின்றன. நாற்காலிகள் நிறைந்திருந்தன. வட்டங்கள் மட்டும் காலி.

என் போன் அடித்தது.

"ஏம்மா, உங்க தெரு ஆளுங்க எங்க? இங்க ஒருத்தரையும் காணோம்!"

"மேல இருக்கோம் சார்."

"மேலயா? சங்கு ஊதிட்டோமேம்மா!"

"அதனாலதான் சார் மேல இருக்கோம்."

"அப்ப நாங்க யாரைத் தூக்கறது?"

நான் போனை வைத்துவிட்டேன்.

அத்தை அந்தத் தலையணையின் கிழிசல்களைத் தைத்து எடுத்து வந்திருந்தாள், அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தாள். "என்னக்கா, கடைசில பெத்துட்டியா?" என்று எவளோ கேட்டாள். "எறக்கி வெச்சுட்டேன்டி" என்றாள் அத்தை. சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

கீழே அவர்களால் சும்மா இருக்க முடியவில்லை. நாற்காலிக்காரர்கள் பார்க்க வந்துவிட்டார்களே. ரெடி சார் யாரையோ கை காட்டினார். டிரைவர் அண்ணன் தயங்கித் தயங்கிப் போய் நடுவட்டத்தில், அப்பாவின் வட்டத்தில், படுத்தார். கறுப்பு அட்டையை மாட்டினார்கள். எறும்பு கடித்திருக்கும் போல. காலைச் சொறிந்தார், பிறகு கழுத்தை. தலையைத் தூக்கி நாங்கள் இருக்கும் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி படுத்தார்.

அம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரா இருந்தா அசையவே மாட்டாரு" என்றாள்.